மூன்று சென்ட்டும் ஒரு மட்டுப்பாவும்

சிக்கன வீட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்த நகரம் முப்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் கேரள எல்லைக் கிராமங்களின் ஏழைகள் கான்கிரீட் கூரைக்காகக் கடன்படுகிறார்கள். ஏன்?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். இஞ்சிவிளையைத் தாண்டியதும் பலகைகளின் எழுத்து மாறுகிறது. மலையாளம் போய்த் தமிழ் வருகிறது. அது களியக்காவிளை, தமிழ்நாடு.

மாறுவது எழுத்து மட்டும்தான். இரு பக்கமும் ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றே முடிகின்றன. விளை என்றால் தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்கும் மேட்டுத் தோட்டம். குடிசைக்கு இரு பக்கமும் 'புரை' என்றுதான் பெயர். மொட்டைமாடியை மலையாளத்தில் மட்டுப்பாவு என்பார்கள். குமரி மாவட்டத் தமிழில் மட்டுப்பா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழர் இயக்கம் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று போட்ட கோடு தோட்டங்களுக்கு நடுவேயும் உறவுகளுக்கு நடுவேயும் போயிற்று. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றுவரை நிற்கவில்லை.

இந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரியான இன்னொன்றும் உண்டு. செம்மண் பாதையில் உள்ளே நடந்தால், மூன்று சென்ட், நான்கு சென்ட் மனைகளில் பெட்டி பெட்டியாக நிற்கும் சின்னஞ்சிறு கான்கிரீட் வீடுகள். பல வீடுகளுக்குப் பூச்சு இல்லை. சிலவற்றில் ஜன்னலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கு தொங்குகிறது. ஆனால் கூரை மட்டும் உறுதியாக வார்க்கப்பட்டிருக்கிறது. அதன் மூலைகளில் இரும்புக் கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

நகரத்தைக் கட்டுகிறவர்கள்

பாறசாலை கேரளத்தின் கடைசி ரயில் நிலையம். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, இந்தக் கிராமங்கள் தலைநகரத்தின் புறநகராகவே மாறின. விடிகாலை பாசஞ்சரிலும் பஸ்களிலும் ஏறுகிறவர்களில் அலுவலகம் போகிறவர்கள் உண்டு. கரண்டியும் தூக்குக்குண்டும் பையில் போட்டுக்கொண்டு போகும் கொத்தனார்களும் உண்டு. பெயின்டர்கள், கம்பி கட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் ஆட்கள். இந்தக் கடைசிப் பிரிவினரைத் திருவனந்தபுரத்தில் மைக்காடு என்பார்கள். எல்லைக்கு இப்பால் கையாள்.

நகரத்தில் மனை வாங்க இவர்களுக்கு வழியில்லை. நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்ட ஏழைகளுக்குக் கிடைத்தது செங்கல்சூளை போன்ற இடங்கள்தான். தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் குடியிருப்புக்கு ராஜாஜி நகர் என்று இன்னொரு பெயர் உண்டு. தலைமைச் செயலகம் கட்டச் செங்கல் சுட்ட இடம் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்லப்படுகிறது. நகரத்தின் பெரிய கட்டடங்களுக்குச் செங்கல் தந்த இடம் நகரத்தின் பெரிய சேரியாயிற்று. எல்லைக் கிராமங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஊருக்கு வீடு கட்டுகிறவரின் சொந்த வீடு பாதியில் நிற்கிறது.

கூலி மோசமில்லை. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23-இல் கேரளக் கிராமங்களில் கட்டடத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி 852 ரூபாய். இந்திய சராசரி 393 ரூபாய். நாட்டிலேயே இதுதான் உச்சம். விளவங்கோடு பக்கத்துக் கொத்தனார்கள் எல்லை கடந்து வேலைக்குப் போவது இந்தக் கூலிக்காகத்தான். ஆனால் கூலி உயர்ந்த ஊரில் வீடு கட்டும் செலவும் உயர்ந்திருக்கும். கொத்தனார் தன் வீட்டைக் கட்ட இறங்கினால், மேஸ்திரி வேலையைத் தானே செய்துகொள்ளலாம். மணலையும் கம்பியையும் சிமென்டையும் மனையையும் என்ன செய்வது?

பேக்கரின் கணக்கு

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களைக் கட்ட இந்தியா வந்தார். இமயமலை அடிவாரத்தில் பித்தோராகரில் பல வருடங்கள் இருந்துவிட்டு, 1960-களில் மனைவியின் ஊரான கேரளத்துக்குக் குடிவந்தார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார்.

மும்பையில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் பேக்கர் காந்தியைச் சந்தித்தார். ஒரு கிராமத்து வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆடம்பரத்தைக் குறைப்பது ஒரு பக்கம். பொருள் வீணாவதைத் தடுப்பது இன்னொரு பக்கம். அவர் முறைகளில் இரண்டைப் பார்த்தால் போதும்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கவைத்து அடுக்குவார்கள். பேக்கர் அதைப் பக்கவாட்டில் நிறுத்தினார். உள்ளும் புறமும் இரண்டு வரிசைகள், நடுவே காற்று நிற்கும் வெற்றிடம், இடையிடையே குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதேதான். செங்கல் மட்டும் சுமார் கால் பங்கு மிச்சமாகும். கலவையும் குறையும். நடுவில் உள்ள காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது.

இரண்டாவது, கூரை. கான்கிரீட் பலகையின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையில் கீழே கிடக்கும் கான்கிரீட் சும்மா சுமையாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் கழித்துப்போட்ட பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் கான்கிரீட்டும் எடையும் குறையும். இது தவிர லிண்டலுக்குப் பதில் செங்கல் வளைவு, ஜன்னலுக்குப் பதில் செங்கல்லாலேயே துளை விட்டுக் கட்டும் ஜாளி, சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பு.

இதெல்லாம் அந்நியச் சரக்கு அல்ல. களியக்காவிளையிலிருந்து கிழக்கே போனால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள கட்டடம். அங்கே வெயிலை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே விடும் மர அழிகளைப் பார்த்தவர்களுக்கு ஜாளியின் சூத்திரம் உடனே விளங்கும்.

பேக்கருக்கு அரசியல் ஆதரவும் கிடைத்தது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை உள்ளூரில் அவரே வடிவமைத்தார். 1985-இல் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், ராஜ், பேக்கர், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் சேர்ந்து கோஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதே 1980-களில் கொல்லம் கலெக்டர் சி.வி. ஆனந்த போஸ் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் நாடு முழுவதும் கட்டுமான மையங்களுக்கு முன்மாதிரியாயிற்று. சிக்கன வீட்டைப் பற்றிப் படிக்க வெளிநாட்டு மாணவர்கள் திருவனந்தபுரத்துக்கு வந்தார்கள்.

ஆனால் பூசாத செங்கல் வீடுகளை விரும்பிக் கட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், அதிகாரிகள். எல்லைக் கிராமத்து ஏழை அதைத் தள்ளி நின்று பார்த்தார். பூச்சு இல்லாத சுவர் பேராசிரியருக்குக் கொள்கை. ஏழைக்கு அது, பணம் தீர்ந்துபோனதன் அடையாளம்.

இதை வெறும் போலிப் பெருமை என்று சொல்லிவிடுவது சுலபம். சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்த ஏழை போட்ட கணக்கில் செங்கல்லைவிடப் பெரிய ஓர் இனம் இருந்தது. அது மனை.

பத்து சென்ட் மூன்றான கதை

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969-ஆம் வருடத் திருத்தம் 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் குறைந்த விலையில் அந்த மனையைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றது சட்டம். பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட். தமிழ்நாட்டிலும் விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் 1971-இல் வந்தது.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஒரு புரை, ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு பலா, ஆட்டுக்கொட்டில் எல்லாம் அதில் அடங்கும். ஓலைக்கூரை போய் ஓட்டுக்கூரை வந்தபோதும் இடம் தாராளமாகவே இருந்தது. அந்த மனைக்கு உரிமை பெற்றவருக்கு மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் தலையெடுத்தபோது பாகம் பிரிந்தது. மகளுக்குச் சீதனமாக ஒரு துண்டு, கடனுக்காக ஒரு துண்டு. ஐம்பது வருடத்தில் பத்து சென்ட் மூன்று சென்ட்டாயிற்று.

மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர். கேரளக் கட்டட விதிகள் குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுத்தால், வீட்டை எங்கே வைப்பது என்பதை எஞ்சினியர் முடிவு செய்வதற்கு முன்பே கிணறும் குழியும் முடிவு செய்துவிடுகின்றன.

இந்த மனையில் ஓட்டுக்கூரை வீடு கட்டினால் கதை அத்தோடு முடிந்தது. ஓட்டுக்கு மேலே யாரும் குடியிருக்க முடியாது. மட்டுப்பா வார்த்தால், நாளைக்கு மகன் மேலே ஓர் அறை எடுக்கலாம். மகளைக் கட்டிக்கொடுத்த பின் வாடகைக்கு விடலாம். அதுவரை நெல்லும் மிளகும் காயப்போடலாம். கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்து நிற்பதன் பொருள் இதுதான். அந்தக் குடும்பத்துக்கு மட்டுப்பா வெறும் கூரையன்று. விலைக்கு வாங்க முடியாத நாலாவது சென்ட் அது.

மூன்று சென்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020 டிசம்பரில் கேரளம் முழுவதும் பார்த்தது. நெய்யாற்றின்கரை அருகே, வழக்கில் இருந்த ஒரு சிறு மனையிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவோடு ஆட்கள் வந்தபோது, கணவனும் மனைவியும் தீக்காயமடைந்து சில நாட்களில் இறந்தார்கள். தகப்பனுக்குத் தானே குழி வெட்டிய மகனின் படம் மாநிலத்தையே உலுக்கியது. சிக்கனக் கட்டுமானம் பற்றிய கருத்தரங்குகளில் பேசப்படாத சங்கதி இது. காலடியில் மண் நிலைத்தால்தான் அதன் மேல் என்ன சுவர் என்ற கேள்வியே எழும்.

பொதுச் சுவர்

இடம் குறைந்தால் சுவரைப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் இந்த வட்டாரத்தில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

ஒன்று பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் வள்ளியூர் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை நெசவுக்காக இங்கே குடியேற்றினார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்ற பெயர்களோடு அவர்களுடைய தெருக்கள் இன்றும் இருக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். முன்னே தெரு, நடுவே தறி, பின்னே அடுக்களை. பாவு விரிக்கத் தெருவே பொது முற்றம். இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசிக்கொண்டே கேரளத்துக்குக் கசவு வேட்டி நெய்தவர்கள், சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தார்கள்.

இன்னொன்று லட்சம் வீடு. 1972-இல் வீட்டு வசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய திட்டம். பஞ்சாயத்துக்கு நூறு வீடு என்ற கணக்கில் மாநிலம் முழுவதும் ஒரு லட்சம் வீடுகள் கட்டுவது நோக்கம். நிலமற்ற தொழிலாளிக்கு அரசே வீடு கட்டித் தருவது அந்த நாளில் சிறிய காரியமில்லை. செலவைக் குறைக்க நடுச்சுவரைப் பொதுவாக்கி, இரட்டை வீடுகளாகவும் கட்டினார்கள். தச்சு வேலைக்காரரும் தேங்காய் பறிப்பவரும் முன்பின் தெரியாமல் ஒரு சுவருக்கு இரு பக்கமும் குடிவந்தார்கள். ஒருவர் கூரையைப் பிரித்துப் புதுப்பிக்க நினைத்தால் அடுத்தவர் சம்மதிக்க வேண்டும். அவரிடம் பணம் இருக்காது. ஒரு பாதி இடிந்தால் மறு பாதியும் சாய்ந்தது. கடைசியில், இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்குவதற்கே அரசு தனியாகப் பணம் ஒதுக்க நேர்ந்தது.

பாலராமபுரத்துச் சுவர் நின்றதற்கும் லட்சம் வீட்டுச் சுவர் தகராறானதற்கும் காரணம் செங்கல்லில் இல்லை. தெருவில் உறவும் தொழிலும் ஒன்றாக இருந்தன. லட்சம் வீட்டில் ஒதுக்கீட்டு எண்ணே உறவு.

பெயரும் ஒட்டிக்கொண்டது. லட்சம் வீட்டுக்காரன், காலனிக்காரன் என்று சொன்னால் பள்ளிக்கூடத்திலும் கல்யாணப் பேச்சிலும் அதற்குத் தனி அர்த்தம் இருந்தது. 2024 ஜூனில் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் முன் கடைசியாகப் போட்ட உத்தரவு, தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் காலனி என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இதே சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார். ஒரு வருட இடைவெளியில் எல்லையின் இரு பக்கமும் ஒரே சொல்லைக் கைவிட்டன.

நாலு லட்சமும் மூன்றரை லட்சமும்

அரசுகள் சும்மா இருக்கவில்லை. கேரளத்தில் 2016-இல் பினராயி விஜயன் அரசு அறிவித்த லைஃப் திட்டம், மனை உள்ளவர்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் என்று வைத்தது. வீடு சுமார் 400 சதுர அடி. 2020 பிப்ரவரியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், 2011-இல் ஜெயலலிதா அரசு 300 சதுர அடியில் 1.80 லட்சம் ரூபாய்க்குச் சூரிய ஒளிப் பசுமை வீடு கொடுத்தது. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் என்றது.

இரண்டையும் வகுத்துப் பார்த்தால் சுவாரசியமான ஓர் ஒற்றுமை தெரியும். கேரளத்தில் சதுர அடிக்கு 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 970. வெவ்வேறு கட்சி, வெவ்வேறு மொழி, ஒரே தொகை. ஆனால் சந்தையில் சுமாரான வீட்டுக்குக்கூட அதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது. மீதியைக் குடும்பம் கடன் வாங்கிப் போடுகிறது. குடும்பஸ்ரீ, சுய உதவிக் குழு, கூட்டுறவு வங்கி, அடகு வைத்த நகை, கடைசியில் வட்டிக்கடை.

பொருள்களின் விலைக்கும் ஒரு கதை உண்டு. ஆற்று மணலுக்குக் கேரளம் 2001-லேயே சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நெய்யாற்றைக் காப்பாற்ற அது அவசியம். வயலைத் தோண்டிச் செங்கல் சுடுவதற்கு 2008-இன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் முட்டுக்கட்டை போட்டது. அதுவும் நியாயம்தான். விளைவு, செங்கல்லும் கல்லும் எம்-சாண்டும் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகின்றன. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் குவாரிகளும் கேரளத்துக்கு வீடு கட்டுகின்றன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து அமரவிளையின் வரிச் சோதனைச் சாவடிக்கு வேலை குறைந்த பிறகும், களியக்காவிளையில் கல் லாரிகளின் வரிசை குறையவில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குப் பாறை போன வழியும் இதுதான். 2025 மே மாதம் அந்தத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கழக்கூட்டத்திலிருந்து காரோடுவரை வரும் பைபாஸும் எல்லையைத் தொட்டுவிட்டது. மனை விலை அதன் பின்னாலேயே வருகிறது.

காந்தி சொன்ன ஐந்து மைல் வட்டத்தைப் பாறசாலையில் இருந்து போட்டால் அது மாநில எல்லையைத் தாண்டிவிடும். பாவம், அந்த வட்டத்துக்குள் இப்போது வீட்டுக்கு வேண்டிய எதுவும் எளிதாகக் கிடைப்பதுமில்லை.

திட்டப் பணம் தவணையாக வருகிறது. அஸ்திவாரம் முடிந்ததும் ஒன்று, லிண்டல் மட்டம் வந்ததும் ஒன்று, கூரை வார்த்ததும் ஒன்று. எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். லிண்டலே இல்லாமல் வளைவு வைத்துக் கட்டும் வீட்டை எந்தத் தவணையில் அடக்குவது? மங்களூர் ஓடு உள்ளே கிடக்கும் கூரைக்கு யார் பொறுப்பேற்பது? படிவத்தில் இடமில்லாத சிக்கனம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

கொத்தனாருக்கும் தயக்கம் உண்டு. எலிப்பொறிக் கட்டுக்குக் கை பழக வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும், வேலை மெதுவாக நடக்கும். நாள் கூலி உயர்ந்த ஊரில், செங்கல்லில் மிச்சமான பணம் கூலியில் கரைந்துபோகும் அபாயம் உண்டு. பேக்கர் முதலில் கணக்குப் போட்ட காலத்தில் சிமென்ட் அரிது, உழைப்பு மலிவு. இன்று கூலிதான் பெருஞ்செலவு. செங்கல்லில் கால் பங்கு மிச்சம் என்றால் வீட்டுச் செலவில் கால் பங்கு மிச்சம் என்று அர்த்தமில்லை. அஸ்திவாரம், கதவு, வயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

மாடி என்னும் உரிமை

கணக்கைத் தாண்டி ஒரு சரித்திரமும் இந்த மண்ணில் கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பாறசாலை லண்டன் மிஷனின் முக்கியமான நிலையங்களில் ஒன்று. அந்த மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலில், சாணார் சாதியாருக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. அந்த வரிசையில் இன்னொன்றும் வருகிறது: ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை நடந்த போராட்டத்தைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. மாடிக்கு இருந்த தடையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நெய்யாற்றின் கரையில் அருவிப்புரத்தில் 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியதும் இதே தாலுகாவில்தான்.

கொள்ளுத்தாத்தாவுக்கு மாடி தடை செய்யப்பட்டிருந்த ஊரில், கொள்ளுப்பேரன் மட்டுப்பாவில் கம்பியை நீட்டி விடுகிறான். அவனிடம் போய், கூரை சாய்வாக இருந்தால் சூடு குறையும், ஓடு போட்டால் பணம் மிச்சம் என்று சொன்னால், அதை நல்ல யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் உதவி பெற்ற வீடுகளில் அந்தத் திட்டத்தின் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்று மத்திய அரசு வற்புறுத்தியபோது கேரள அரசு மறுத்தது. குடியிருப்பவரின் கௌரவத்தைப் பாதிக்கும் என்று காரணம் சொன்னது. அதில் அரசியலும் உண்டு. இருந்தாலும் சொன்ன காரணம் சரியானது. ஏழைக்கான வீடு, தான் ஏழையின் வீடு என்று தெருவில் நின்று அறிவிக்கக் கூடாது.

சுவருக்குள் சிக்கனம்

அப்படியானால் பேக்கரின் பாடம் எல்லைக் கிராமத்துக்குப் பயன்படாதா? பயன்படும். அதைப் பார்க்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

எலிப்பொறிச் சுவருக்குப் பூச்சுப் பூசி வெள்ளையடித்தால் எந்தச் சுவரும் போல ஆகிவிடும். உள்ளே வெற்றிடம் இருப்பது வெளியே தெரியாது. செங்கல் மிச்சமானது மிச்சமானதுதான், சூடு குறைந்ததும் குறைந்ததுதான். பூச்சு வீண் செலவு என்பது பேக்கரின் கட்சி. வீட்டுக்காரர் அந்த ஒரு செலவை மட்டும் விரும்பிச் செய்துகொள்ளட்டுமே. ஓடு பதித்த கூரையும் தட்டையான மட்டுப்பாதான். சரியான கணக்கோடு கம்பி கட்டினால் அதன் மேல் இன்னொரு தளம் எழும். திருவனந்தபுரத்தில் கரிமடம் குடியிருப்பைக் கோஸ்ட்ஃபோர்டு மாடி வீடுகளாக மாற்றிக் கட்டியபோது பயன்பட்டவை இந்த முறைகளே. இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் நூலகம் பல மாடிச் செங்கல் கோபுரமாக நிற்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய கண்டுபிடிப்புகளும் அல்ல. தவணைப் படிவத்தில் லிண்டல் மட்டம் என்பதோடு வளைவு மட்டம் என்றும் ஒரு வார்த்தை சேர வேண்டும். ஓட்டுக்கூரைக்கு ஒப்புதல் அளிக்கப் பஞ்சாயத்து எஞ்சினியருக்கு ஒரு திட்ட வரைபடம் வேண்டும். மூன்று சென்ட் மனைக்கு ஏற்றபடி, முதல் நாளே மேல்மாடிக்கான அஸ்திவாரமும் படிக்கட்டுக்கான இடமும் வைத்த ஒரு மாதிரி வீடு வேண்டும். வீடு இன்று 400 சதுர அடியாக இருக்கலாம். பத்து வருடத்தில் அது 800 ஆகும் என்பதைத் திட்டம் போடுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது அந்த ஒப்புதல் இல்லாததால், ஒரு தளத்துக்கு மட்டும் கணக்கிட்ட அஸ்திவாரத்தின் மேல், வீட்டுக்காரர் தன் சொந்தத் துணிச்சலில் இரண்டாவது தளத்தை ஏற்றுகிறார்.

பணமும் கையும் ஒரே இடத்தில் இருப்பது இந்தக் கிராமங்களின் அதிர்ஷ்டம். காலை ரயிலில் போகும் கொத்தனார்கள் நகரத்தில் பார்க்காத கட்டுமானம் கிடையாது. பேராசிரியர்களின் ஜாளியையும் வளைவையும் கட்டியவை இப்படிப்பட்ட கைகள்தான். தெரிந்த வித்தையைத் தன் வீட்டில் செய்துபார்க்க அவர்களுக்குத் தேவைப்படுவது, செய்தால் தவணை நிற்காது என்ற ஓர் உத்தரவாதம். கேரளத்தின் பஞ்சாயத்தும் தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியமும் தனித்தனியாகவோ சேர்ந்தோ அதைக் கொடுக்கலாம். கொத்தனாருக்கு எல்லை இல்லை, செங்கல்லுக்கும் இல்லை.

மழைக்காலம் வந்தால் மட்டுப்பாவில் நீட்டி நிற்கும் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கும். சிலர் அவற்றின் மேல் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்து வைக்கிறார்கள். சிலர் சிமென்ட் பால் பூசுகிறார்கள். மகன் வளர்ந்து சம்பாதிக்கும்வரை கம்பி தாங்க வேண்டுமே என்ற கவலை. பாறசாலையிலிருந்து களியக்காவிளைவரை நடந்தால் அந்தக் கம்பிகளை வைத்து எது கேரளம், எது தமிழ்நாடு என்று யாராலும் சொல்ல முடியாது.